மாத்திரையா, டிரிப்ஸா? முதுமைக்கான சத்து உடம்புக்குள் போகும் இரண்டு வழிகள்

போன தை மாதம் மதுரையிலிருந்து அத்தை போன் செய்தார். அவருக்கு வயது 66. "ஏப்பா, இங்க ஒரு கிளினிக்ல வயசாகுறது தெரியாம இருக்க டிரிப்ஸ் ஏத்துறாங்களாம். ஆறு தடவை ஏத்துனா செல்லெல்லாம் புதுசாயிருமாம். மாத்திரைய முழுங்குனா பாதி வீணாத்தான போகுது, இது நேரா ரத்தத்துல கலந்துருமாமே. போய்ட்டு வரட்டா?" என்று கேட்டார்.

நான் பார்மசி படித்தவன். வீட்டில் யாருக்கு எந்த மாத்திரையில் சந்தேகம் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அத்தை கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. விழுங்கும் மாத்திரை முழுவதும் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது உண்மைதான். அதனாலேயே டிரிப்ஸ் மேலானதாகிவிடுமா என்பதுதான் கேள்வி. அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குடல் வழி, சிரை வழி

மாத்திரை வயிற்றில் கரைந்து சிறுகுடலுக்குப் போகிறது. குடல் சுவரில் இருக்கும் செல்கள் சத்துகளை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. பல சத்துகளுக்கு இதற்கென்றே தனிப் புரதங்கள் உண்டு. இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆளேற்றிப் போகும் பரிசலைப் போன்றவை அவை. பரிசலில் இடம் இருக்கும் வரைதான் ஏற முடியும். குடலைத் தாண்டிய சத்தும் உடனே உடம்பெல்லாம் பரவிவிடாது. போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாய் அதை முதலில் கல்லீரலுக்குக் கொண்டுபோகும். கல்லீரல் சிலதை உடைக்கும், சிலதைச் சேமித்துவைக்கும், சிலதை வேறொன்றாக மாற்றும். மீதம் இருப்பதுதான் இதயம் வழியாக உடல் முழுவதற்கும் போகிறது. வைட்டமின் டி மாதிரி கொழுப்பில் கரையும் சத்துகள் மட்டும் நிணநீர் வழியாகச் சுற்றிப் போகும். அதனால்தான் அவற்றை எண்ணெயோ நெய்யோ கொஞ்சம் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்வார்கள்.

டிரிப்ஸில் இந்தப் பயணமே கிடையாது. கையில் ஊசி குத்தி நேராகச் சிரைக்குள் விடுகிறார்கள். பேச்சில் அதை நரம்பு என்கிறோம், உண்மையில் அது ரத்தக் குழாய். பாட்டிலில் இருப்பது அத்தனையும் ரத்தத்தில் கலக்கும். "நூறு சதவீதம் உடம்பில் சேரும்" என்று விளம்பரத்தில் போடுவது இதைத்தான். அதில் பொய் இல்லை. ஆனால் ரத்தத்தில் சேர்ந்தபின் அந்தச் சத்து என்ன ஆகிறது என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இதற்கு வைட்டமின் சி நல்ல உதாரணம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவின் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்திருக்கிறார்கள். வாய் வழியாக 200 மில்லிகிராம் கொடுத்தால் கிட்டத்தட்ட முழுவதையும் குடல் எடுத்துக்கொள்கிறது. 1250 மில்லிகிராம் கொடுத்தால் பாதிகூடச் சேர்வதில்லை. தினமும் 200 முதல் 400 மில்லிகிராம் எடுப்பவருக்கு ரத்தத்தில் வைட்டமின் சி-யின் அளவு ஏறக்குறைய உச்சத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விழுங்கினாலும் பெரிதாக ஏறாது. குடல் வாங்க மறுக்கும், மீறி உள்ளே போனதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும்.

சிரை வழியாகக் கொடுத்தால் இந்த உச்சத்தைப்போலப் பல பத்து மடங்கு அளவை எட்டலாம் என்று அதே குழு 2004-இல் காட்டியது. சரி, எட்டியபின்? சிறுநீரகம் அப்போதும் வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, மறுநாளுக்குள் அளவு பழைய இடத்தை நெருங்கிவிடும். ரத்தத்தில் சில மணி நேரம் உயரே போய்வந்த அந்த அளவு, ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் முதுமையைத் தள்ளிப்போடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நல்ல கொய்யாப்பழம் 100 கிராமில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. குடலின் பரிசல் நிறைய அது போதும்.

குடலைக் குறைத்து மதிப்பிட்ட கதை

நம் ஊரில் ஊசிக்கும் டிரிப்ஸுக்கும் தனி மரியாதை உண்டு. காய்ச்சல் என்று போய்விட்டு மாத்திரை மட்டும் வாங்கி வந்தால் டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்பார்கள். உடம்பு அசதியாக இருந்தால் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நோயாளியே கேட்பார். இந்த நம்பிக்கைதான் இன்றைக்கு இளமை டிரிப்ஸுக்குப் பணம் கட்ட வைக்கிறது.

அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லி என்றால் 25 கிராம் சர்க்கரை. டீஸ்பூன் கணக்கில் ஆறு. சலைன் பாட்டில் என்றால் 500 மில்லியில் 4.5 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தமும் இதய பலவீனமும் உள்ள பெரியவருக்கு அசதி என்று சொல்லி ஒரு பாட்டில் சலைன் ஏற்றுவது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கும்.

குடலின் திறமையை உலகம் புரிந்துகொண்ட ஒரு சம்பவம் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். போங்காவ்ன் முகாமில் காலரா பரவியது. அன்றைய மருத்துவத்தில் அதற்கு ஒரே வழி சிரை வழித் திரவம். அது தீர்ந்துபோனது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளவாகத் தண்ணீரில் கலக்கச் செய்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றில் முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த எண்ணிக்கை நாலுக்குக் கீழே வந்தது. இன்று ஒவ்வொரு மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை உலகம் நம்பத் தொடங்கியதில் அந்த முகாமுக்குப் பெரும் பங்கு உண்டு. குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாக வந்தால் குடல் இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், தண்ணீரும் கூடவே வரும் என்பதுதான் அதன் சூட்சுமம். காலராவில் தண்ணீராய்க் கொட்டிக்கொண்டிருக்கும் குடலே இவ்வளவு செய்யும் என்றால், நன்றாக இருக்கும் குடலை ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

"ஏத்துன அன்னைக்குத் தெம்பா இருந்துச்சே" என்று பலர் சொல்வார்கள். அது பொய்யில்லை. உடம்பில் நீர் வற்றியிருந்தவருக்குத் திரவம் போனால் தெம்பு வரும். ஒரு மணி நேரம் போன் இல்லாமல் படுத்திருந்தாலும், நம்மை ஒருவர் அக்கறையாகக் கவனித்தாலும்கூட வரும். இன்றைய வைட்டமின் டிரிப்ஸுகளுக்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான் மையர்ஸ் என்ற மருத்துவர் கொடுத்துவந்த கலவை. மெக்னீசியம், கால்சியம், பி வைட்டமின்கள், வைட்டமின் சி ஆகியவை சேர்ந்தது அது. உடம்பெல்லாம் வலிக்கும் பைப்ரோமயால்ஜியா நோய் உள்ள 34 பேரிடம் இதைச் சோதித்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். சத்து டிரிப்ஸ் போட்டவர்களுக்கு வலி குறைந்தது. சத்தில்லாத வெறும் திரவம் போட்டவர்களுக்கும் குறைந்தது. இரண்டு குழுவுக்கும் இடையே கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

சிரை வழி ஜெயிக்கும் இடங்கள்

இவ்வளவும் சொன்னதால் டிரிப்ஸே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். குடல் வழி அடைபட்டிருக்கும்போதும், குடலால் வேண்டிய அளவை வேண்டிய நேரத்துக்குள் எடுக்க முடியாதபோதும் சிரை வழி உயிர் காக்கும்.

ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை மலிவானது, பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். ஆனால் சிலருக்கு வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கல் வரும். உடம்பில் நாள்பட்ட அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்து இரும்புக்குக் குடலின் கதவை மூடிவிடும். அப்போது எத்தனை மாத்திரை போட்டாலும் பலன் குறைவுதான். சிறுநீரக நோயாளிகளுக்கும், பிரசவ தேதி நெருங்கிய நிலையில் ரத்தம் குறைவாக உள்ள கர்ப்பிணிகளுக்கும் சிரை வழியாக இரும்பு ஏற்றுவது இதனால்தான். நம் அரசு மருத்துவமனைகளில் அயர்ன் சுக்ரோஸ் ஏற்றிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். மாத்திரையாக எடுப்பவர்களுக்கு இன்னொரு சேதி. ஒரு டோஸ் போட்டதும் ஹெப்சிடின் ஏறி, அடுத்த நாள் டோஸ் உள்ளே போவதைக் குறைக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு சேர்வதாகச் சுவிட்சர்லாந்தில் செய்த ஆய்வுகள் காட்டின. அப்புறம், மாத்திரையோடு டீ குடிப்பது வேண்டாம். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

முதுமைக்கு நேராகச் சம்பந்தப்பட்ட உதாரணம் எலும்புத் தேய்மானம். இது சத்துக் கணக்கில் வராது, மருந்துக் கணக்கு. ஆனால் இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. அலென்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒன்று வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இத்தனை செய்தும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்துக்குப் போகும். அந்தக் கொஞ்சமே எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். உணவுக்குழாய் புண்ணாகிறவர்களுக்கும், அரை மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்களுக்கு வருடத்துக்கு ஒரே ஒருமுறை சோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் டிரிப்ஸ் உண்டு. 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் இது முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. சிறுநீரகத்தையும் வைட்டமின் டி அளவையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். முதுமையில் டிரிப்ஸுக்குப் பணம் செலவழிக்கலாம் என்று நான் மனதாரச் சொல்வது இந்த மாதிரி இடத்தில்தான்.

என்.ஏ.டி. என்ற புதிய சரக்கு

அத்தைக்கு அந்தக் கிளினிக்கில் சொன்ன பெயர் என்.ஏ.டி. உணவிலிருந்து சக்தி எடுக்கவும், டி.என்.ஏ-வில் விழும் சேதத்தைச் சரிசெய்யவும் நம் ஒவ்வொரு செல்லுக்கும் தேவையான மூலக்கூறு இது. 1906-இலேயே ஈஸ்ட்டின் நொதித்தலை ஆராய்ந்த ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் இதன் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். வயதாக ஆகப் பல திசுக்களில் இது குறைகிறது. அப்படியானால் வெளியிலிருந்து ஏற்றினால் இளமை திரும்பும் என்ற எண்ணம் இயல்பாக வரும்.

சிக்கல் என்னவென்றால் என்.ஏ.டி. பெரிய மூலக்கூறு. ரத்தத்தில் விட்டால் அது அப்படியே செல்லுக்குள் எளிதில் நுழையாது. வெளியிலேயே சிறு துண்டுகளாக உடைந்து, அந்தத் துண்டுகள் உள்ளே போய், செல் அவற்றிலிருந்து மறுபடி என்.ஏ.டி-யைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டுகளின் உறவுகளான என்.ஆர்., என்.எம்.என். என்பவற்றைத்தான் மாத்திரையாக விற்கிறார்கள். டிரிப்ஸைப் பல மணி நேரம் மெதுவாக விட வேண்டும். வேகம் கூடினால் குமட்டல், நெஞ்சில் இறுக்கம், வயிற்றைப் பிசைவது என்று வரும்.

மாத்திரைகள் ரத்தத்தில் என்.ஏ.டி. அளவை உயர்த்துகின்றன என்பது பல ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. 2021-இல் மாதவிடாய் நின்ற, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 25 பெண்களிடம் செய்த ஆய்வில் தினம் 250 மில்லிகிராம் என்.எம்.என். பத்து வாரங்களில் தசைகள் இன்சுலினுக்குப் பணிவதை மேம்படுத்தியது. எடையும் ரத்த அழுத்தமும் மாறவில்லை. மனிதரில் ஆயுளையோ முதுமை நோய்களையோ மாற்றியதாகக் காட்டும் பெரிய ஒப்பீட்டு ஆய்வு மாத்திரைக்கும் இல்லை, டிரிப்ஸுக்கும் இல்லை. ஆய்வு தொடர்வது எனக்கு மகிழ்ச்சிதான். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் முடிவு தெரியும் முன்பே அதற்குப் பணம் கட்டுவதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

மாத்திரையும் விளையாட்டுச் சாமான் இல்லை

ஊசி இல்லை என்பதாலேயே மாத்திரை தீங்கில்லாதது ஆகிவிடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்த ஆய்வு 2010-இல் வெளியானது. எலும்பு முறிவைத் தடுக்கக் கொடுத்தது, அதுவே கீழே விழுவதையும் முறிவையும் அதிகமாக்கியது. நம் வீடுகளில் 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்ததை ஒரு வருடம் தாண்டியும் போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். தினம் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. இந்தச் சத்து கொழுப்பில் தங்கிவிடும், கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எழுதிக் கொடுத்த நாட்களோடு நிறுத்திவிடுங்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் அமெரிக்காவில் செய்த காஸ்மாஸ் ஆய்வில் தினம் ஒரு சாதாரண மல்டிவைட்டமின் நினைவாற்றலைச் சிறிதளவு காத்தது.

மாத்திரையில் எனக்குப் பிடித்த ஒரு பாதுகாப்பு உண்டு. சில சத்துகளில் அளவு மீறினால் உடம்பு எச்சரிக்கும். வைட்டமின் சி கூடினால் வயிற்றுப்போக்கு, மெக்னீசியம் கூடினாலும் அதேதான். சிரை வழியில் அந்த எச்சரிக்கை மணி இல்லை. மெக்னீசியத்தை வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவருக்கு அதிக அளவு வைட்டமின் சி ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையும். பலருக்குத் தங்களிடம் இந்தக் குறை இருப்பதே தெரியாது. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அதே வைட்டமின் சி ஆக்ஸலேட் படிகமாகித் தங்கும். சர்க்கரை நோயாளிகள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதிக வைட்டமின் சி ஏற்றிய பிறகு சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் மயக்கத்தில் முடியும். போதாததற்குக் கிருமி பயம். சருமம் வெளுக்க என்று நம் ஊரிலும் ஏற்றிக்கொள்ளும் குளுட்டாதயோனை, உணவுத் துணைப்பொருள் தரத்தில் வாங்கி ஊசி மருந்தாகக் கலந்து கொடுத்ததில் சிலருக்கு உடல்நலம் கெட்டதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-இல் எச்சரித்தது. வாய் வழியே போகும் சிறு அசுத்தத்தை வயிற்று அமிலமும் கல்லீரலும் சமாளிக்கும். சிரைக்குள் போனால் தடுக்க ஆளில்லை.

அத்தையின் கணக்கு

அத்தையிடம் நான் முதலில் கேட்டது, "உங்களுக்கு என்ன செய்யுது?" என்றுதான். அசதி என்றார். பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றும் சொன்னார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார், நெஞ்செரிச்சலுக்குத் தினம் ஒரு மாத்திரையும் உண்டு. சைவம். இந்த மூன்றுமே வைட்டமின் பி12 குறையக் காரணமாகும். கிளினிக்கில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, ரத்தப் பரிசோதனையும் எழுதவில்லை. ஆறு பாட்டிலுக்கான தொகை மட்டும் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில்தான் கோபம் வந்தது.

பரிசோதித்துப் பார்த்தால் பி12 மிகவும் குறைவு. பி12-க்கு வயிறு சுரக்கும் ஒரு புரதம்தான் பரிசல். ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவுக்குமேல் அதனால் ஏற்ற முடியாது. வயதாகும்போது பலருக்கு வயிற்றின் உட்சுவர் மெலிந்து அமிலம் குறையும். உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். சிலருக்கு அந்தப் புரதமே சுரக்காமல் போகும். இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. பரிசலே இல்லாவிட்டாலும் விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் மாத்திரை என்றால் 10 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு சொச்சம்தான். மாத்திரையையும் தசை ஊசியையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ரத்தத்தில் பி12 ஏறுவது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

அத்தைக்கு நரம்புத் தொந்தரவு தொடங்கிவிட்டதால் மருத்துவர் காத்திருக்க விரும்பவில்லை. முதல் சில வாரம் தசையில் ஊசி, அப்புறம் தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை என்று எழுதினார். நெஞ்செரிச்சல் மாத்திரை இனியும் வேண்டுமா என்று பார்த்து நிறுத்தினார். மெட்ஃபார்மின் தொடர்கிறது, வருடம் ஒருமுறை பி12 பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் பேசியபோது பாதத்தில் ஊர்வது வலது காலில் நின்றுவிட்டது, இடது காலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார். அந்தக் கிளினிக்கிலிருந்து திரும்பப் போன் வந்ததாம். பாட்டிலில் என்னென்ன, எத்தனை மில்லிகிராம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அனுப்புகிறோம் என்றார்களாம், இதுவரை வரவில்லை.